சிபேப் மெஷினுக்கு இன்சூரன்ஸ் கைவிரித்தால்

தம்பி, அமெரிக்கா வந்து எட்டு மாதத்தில் ஸ்லீப் ஆப்னியா (தூக்கத்தில் மூச்சு அடிக்கடி தடைப்படும் நோய்) என்று தெரிந்து, மாஸ்க் வழியாகக் காற்றை அழுத்தி அனுப்பி மூச்சுக்குழல் மூடாமல் காக்கும் சிபேப் மெஷினை டாக்டர் எழுதிக்கொடுத்து, இன்சூரன்ஸ் ‘மருத்துவ ரீதியில் அவசியமில்லை’ என்று மறுத்துவிட்டது, கைக்காசு போட்டு வாங்குவதைத் தவிர வழியில்லையா என்று கேட்டிருக்கிறீர்கள். அவசரப்பட வேண்டாம். உங்களுக்கு நோயே இல்லை என்று அந்த வாசகத்துக்குப் பொருள் கிடையாது. பெரும்பாலும் ஏதோ ஒரு காகிதம் குறைந்திருக்கும்.

முதலில் மறுப்புக் கடிதத்தைத் தேடி எடுங்கள். ‘இது பில் அல்ல’ என்று தலையில் அச்சடித்து வரும் தாள் வேறு, இது வேறு. எந்த விதியை வைத்து மறுத்தார்கள் என்று கேட்டால் அந்த விதியின் நகலை இலவசமாகத் தந்தாக வேண்டும். அதையும் தூக்கப் பரிசோதனை ரிப்போர்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்.

ரிப்போர்ட்டில் பார்க்க வேண்டியது ஏ.எச்.ஐ. மணிக்கு எத்தனை முறை மூச்சு நின்றது அல்லது குறைந்தது என்ற கணக்கு அது. முதியவர்களுக்கான அரசு இன்சூரன்ஸான மெடிகேரின் விதிப்படி 15, அதற்கு மேல் என்றால் மெஷின் உண்டு. 5 முதல் 14 வரை என்றால் பகல் தூக்கம், ரத்த அழுத்தம், தூக்கமின்மை போல ஏதாவது ஒன்று டாக்டர் குறிப்பில் எழுதியிருக்க வேண்டும். தனியார் கம்பெனிகள் பலவும் இதையே பின்பற்றுகின்றன. ‘குறட்டை, அசதி’ என்று மட்டும் இருந்தால் போதாது.

இங்கே இரண்டு இடத்தில் எண் வழுக்கும். மூச்சுக் குறைவை எண்ண ரத்த ஆக்சிஜன் 3 சதவீதம் இறங்கினால் போதும் என்பது ஒரு கணக்கு, 4 சதவீதம் இறங்க வேண்டும் என்பது இன்னொன்று. மெடிகேர் 4-ஐக் கேட்கிறது. ஒரே இரவு, இரண்டு எண். உங்கள் ரிப்போர்ட் எதில் போட்டது என்று லேபில் கேளுங்கள். இரண்டாவது, வீட்டில் செய்யும் பரிசோதனை. பெரும்பாலான கருவிகளுக்கு நீங்கள் தூங்கினீர்களா என்று தெரியாது, பதிவான நேரத்தால் வகுக்கும். 96 முறை மூச்சு தடைப்பட்டு 8 மணி நேரம் பதிவானால் 12. அதில் தூங்கியது 6 மணி நேரம்தான் என்றால் உண்மையில் 16. இப்படி எல்லைக்குச் சற்றுக் கீழே நிற்கிறவர்கள் ஆய்வகத்தில் ஒரு இரவு படுத்துச் செய்யும் பரிசோதனையைக் கேட்பதே நல்லது.

அடுத்து, உங்கள் டாக்டரே இன்சூரன்ஸ் மருத்துவரோடு போனில் நேரடியாகப் பேசும் ‘பியர் டு பியர்’ அழைப்பை அவர் அலுவலகத்தைக் கொண்டு கேளுங்கள். சில கம்பெனிகள் இதற்குச் சில நாள்தான் அவகாசம் தருகின்றன. அதிலும் ஆகாவிட்டால் அப்பீல்: மறுப்பு வந்து 180 நாளுக்குள் போட வேண்டும், சிகிச்சை தொடங்குமுன் போட்டால் 30 நாளில் முடிவு சொல்ல வேண்டும். அதுவும் மறுப்பானால் வெளி நடுவர் பரிசீலனையை 4 மாதத்துக்குள் கேட்கலாம், அந்தத் தீர்ப்பு கம்பெனியைக் கட்டுப்படுத்தும். ஒவ்வொரு போனுக்கும் தேதி, பேசியவர் பெயர், ரெஃபரன்ஸ் எண் குறித்துக்கொள்ளுங்கள். வேலை கொடுத்த கம்பெனியே பணம் போடும் பிளான் என்றால் எச்.ஆரிடமும் சொல்லுங்கள், அவர்கள் ஒரு வார்த்தை கேட்டால் கோப்பு நகரும்.

அனுமதி கிடைத்த பிறகுதான் அடுத்த சிக்கல். மெஷின் தரும் சப்ளையரும் நெட்வொர்க்கில் (இன்சூரன்ஸோடு ஒப்பந்தம் உள்ளவர்கள் பட்டியலில்) இருக்கிறாரா என்று தனியாகக் கேளுங்கள், டாக்டர் இருந்தால் மட்டும் போதாது. பொதுவாக மாத வாடகைதான், இன்சூரன்ஸ் கொடுக்கத் தொடங்குமுன் வருடாவருடம் நாம் கைக்காசில் கட்டும் டிடக்டிபிள் ஜனவரியில் மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்குவதால் நவம்பரில் ஆரம்பித்தால் இரண்டு வருடத்துக் கணக்கிலும் கை வைப்பார்கள். மெடிகேர் விதிப்படி முதல் மூன்று மாதத்தில் தொடர்ந்த 30 நாளில் 21 இரவாவது நாலு மணி நேரம் போட்டிருக்க வேண்டும். மெஷினே தகவலை அனுப்பிவிடும். நடுராத்திரி கழற்றி மறுபடி போட்டாலும் மொத்த நேரம் சேரும். மாஸ்க் ஒழுகினால் பொறுத்துக்கொள்ளாமல் முதல் வாரத்திலேயே மாற்றச் சொல்லுங்கள்.

அந்த மூன்று மாதத்துக்குள் ஊருக்குப் போனால் மெஷினைக் கைப்பையோடு எடுத்துச் செல்லுங்கள், விமானக் கம்பெனிகள் அதைப் பெட்டிக் கணக்கில் சேர்க்கக் கூடாது. அடாப்டரில் 100–240 வோல்ட் என்று போட்டிருந்தால் பிளக் மட்டும் மாற்றினால் போதும். ஊரில் சிக்னல் போகாவிட்டாலும் மெமரி கார்டில் பதிவாகும், திரும்பியதும் அந்தக் கார்டை சப்ளையரிடம் கொடுங்கள்.