கேள்வி-பதில்: சாம்பல் ஜோடிக்குக் கருப்புக் குஞ்சு ஏன்?

கேள்வி: கண்காட்சிக்கு வளர்க்க, கிளிபோல் வளைந்த மூக்கும் விசிறிபோல் விரிந்த வாலும் உள்ள கிளிமூக்கு விசிறிவால் கோழியில் சாம்பல்நீலச் சேவலும் பெட்டையும் வாங்கினேன். ‘அசல் ஜோடி’ என்றுதான் விற்றார்கள். முதல் ஈட்டில் பொரித்த பத்தில் ஐந்துதான் சாம்பல். மூன்று கருப்பு, இரண்டு வெளிறிய உடம்பில் சாம்பல் தெளித்தாற்போல் இருக்கின்றன. ஏமாந்துவிட்டேனா?
– வாசகர், தேவகோட்டை

பதில்: இல்லை. சாம்பல்நீலம் என்பதே அரைக்கலவை நிறம். சாம்பலோடு சாம்பல் சேர்ந்தால் சுமாராகப் பாதி சாம்பல், கால் பங்கு கருப்பு, கால் பங்கு ‘ஸ்பிளாஷ்’ எனப்படும் தெளிப்பு நிறம் வரும். உங்கள் ஈடு கணக்குக்கு மிக நெருக்கம். அத்தனையும் சாம்பலாக வேண்டுமா? கருப்பையும் தெளிப்பையும் சேர்க்க வேண்டும். அதனால் அந்த இரண்டு தெளிப்புக் குஞ்சுகளைக் கறிக்குக் கொடுத்துவிடாதீர்கள். அவை பெட்டையாக இருந்தால் வேறு வம்சத்துக் கருப்புச் சேவலோடு விடுங்கள்; உடன்பிறப்போடு வேண்டாம்.

அந்தக் கருப்புச் சேவலை வாங்கும்போதுதான் கவனம் தேவை. கழுத்து இறகையும் இடுப்பில் தொங்கும் இறகையும் வெயிலில் விரித்துப் பாருங்கள். செம்மை ஓடினால் அது குஞ்சுகளுக்கும் இறங்கும். பெட்டையில் இது மறைந்தே கிடக்கும். பெட்டை வாங்கினால் அதன் அப்பனையும் அண்ணன் தம்பிகளையும் காட்டச் சொல்லுங்கள். சாயம் பூசியிருக்குமோ என்று சந்தேகமா? இறகை ஊதிப் பிரித்து அடித்தூவியைப் பாருங்கள், ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்தும் பாருங்கள்.

பணத்தை நிறத்துக்குக் கொட்டாதீர்கள். நிறம் ஒரே ஈட்டில் திருந்தும். மூக்கு வளைவும் வால் விரிவும் தலைமுறைக் கணக்கில்தான் திருந்தும். மூக்கும் வாலும் சரியாக அமைந்த கருப்புச் சேவல், சுமாரான சாம்பல் சேவலைவிட மேல். வாயைத் திறந்து இரண்டு அலகும் பொருந்துகின்றனவா, முனையில் அரம் போட்ட கீறல் இருக்கிறதா என்று பாருங்கள்.

இன்னொன்று: வேறு சேவலோடு திரிந்த பெட்டையை வாங்கினால் மூன்று வாரம் அதன் முட்டையை அடை வைக்காதீர்கள். பழைய சேவலின் விந்து அவ்வளவு நாள் உள்ளே தங்கும். ‘விற்றவர் ஏமாற்றிவிட்டார்’ என்று பிறகு வரும் சண்டைகளில் பல இதனால்தான். வாங்கிய பறவையை வீட்டுக் கோழிகளோடு சேர்க்காமல் ஒரு மாதம் தனிக்கூட்டில் வையுங்கள். வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசி போட்ட தேதியை விற்பவரிடம் எழுதி வாங்குங்கள்.

கேள்வி: வெள்ளைச் சேவலின் முதுகு மஞ்சளடிக்கிறது. கழுவினாலும் போகவில்லை.
– வாசகர், காரைக்குடி

பதில்: வெயிலும் மஞ்சள் மக்காச்சோளமும்தான் காரணமாக இருக்கும். சோளத்தை நிறுத்திக் கம்பு, உடைத்த அரிசி கொடுங்கள். கம்பு, அரிசியில் புரதம் போதாது, கூடவே கடலைப் புண்ணாக்கும் வேண்டும். முற்றத்து உச்சி வெயிலில் விடாமல் தாழ்வாரத்து நிழலில் கட்டுங்கள், காலை இளவெயில் போதும். ஏற்கெனவே மஞ்சளான இறகு வெளுக்காது. இறகு உதிர்த்து முளைக்கும்போதுதான் வெள்ளை திரும்பும். உதிர்க்கும் காலம் முழுவதும் இந்தத் தீனியும் நிழலும் தொடர வேண்டும். கண்காட்சிக்கு இரண்டு மாதம்தான் இருக்கிறதென்றால் இந்த முறை வேறு பறவையைக் கொண்டுபோங்கள்.