ராசிச் சட்டையைத் துவைக்கலாமா?

கேள்வி: மேட்ச் அன்று எங்கள் வீட்டில் எல்லோரும் அணியின் நிறத்தில் உடுத்திக்கொண்டுதான் டிவி முன்னால் உட்கார வேண்டும். பத்து வயது மகன் போட்ட சட்டம். போன ஆட்டத்தன்று வேலை முடிந்து வந்த களைப்பில் நான் உடை மாற்றவில்லை. அணி தோற்றது. "உன்னாலதான்மா தோத்தோம்" என்று அழுதுவிட்டான். ஜெயித்த அன்று போட்டிருந்த ஜெர்சியைத் துவைக்கவும் விடுவதில்லை. இதை வளர விடலாமா?

பதில்: நிறம் போட்டு உட்காருவதைத் தாராளமாகத் தொடர விடுங்கள், சகோதரி. எனக்கும் ஒரு ராசிச் சட்டை உண்டு. காலர் நைந்து, முதுகில் இருக்கும் எண் பாதி உரிந்துவிட்டது. அதைப் போட்டுக்கொண்டு வெற்றியும் பார்த்திருக்கிறேன், தோல்வியும் பார்த்திருக்கிறேன். ஆனாலும் பெரிய ஆட்டம் வந்தால் கை அதைத்தான் தேடும். விளையாடுபவர்களுக்குப் பந்து இருக்கிறது. பார்க்கிற நமக்குச் செய்ய ஒன்றுமே இல்லை. அந்தத் தவிப்புக்கு ஒரு சட்டையாவது வேண்டாமா?

1948இல் உளவியலாளர் ஸ்கின்னர் பசித்த புறாக்களுக்கு, அவை என்ன செய்தாலும் சரி, குறிப்பிட்ட இடைவெளியில் இரை விழும்படி வைத்தார். இரை விழுந்த நேரத்தில் தற்செயலாக எதைச் செய்ததோ, அதையே புறா திரும்பத் திரும்பச் செய்தது. ஒன்று வட்டமடித்தது, இன்னொன்று கூண்டின் மூலையில் தலையை நீட்டியது. ஜெயித்த நாளின் சட்டை மனதில் ஒட்டிக்கொள்வதும் இப்படித்தான்.

உங்கள் மகனுக்குப் பிரேசில் கதையைச் சொல்லுங்கள். 1950 கால்பந்து உலகக் கோப்பையில் வெள்ளைச் சட்டையோடு சொந்த மண்ணில் உருகுவேயிடம் தோற்றார்கள். அப்புறம் சட்டையையே மாற்றி மஞ்சளுக்குப் போனார்கள். 1958 இறுதி ஆட்டத்தில் எதிரே ஸ்வீடன், அவர்களும் மஞ்சள். பிரேசில் நீலம் போட வேண்டியதாயிற்று. வீரர்களுக்கு உள்ளூர உறுத்தல். அணியின் தலைமை நிர்வாகியாக உடன் போயிருந்த பவுலோ மச்சாடோ டி கார்வால்யோ, 'நீலம் நம் காவல் மாதாவின் மேலாடை நிறம்' என்று சொல்லித் தேற்றினார். 5–2 என்று ஜெயித்து முதல் கோப்பையைத் தூக்கினார்கள். ராசியில்லாத நிறம் என்று பயந்ததே ராசியாகிவிட்டது!

'உன்னாலதான்' என்பதை மட்டும் வளர விடாதீர்கள். இன்று அம்மாவைச் சொல்பவன் நாளை தன்னையே சொல்லிக்கொண்டு தூக்கத்தைக் கெடுத்துக்கொள்வான். தோற்ற சூட்டில் பேச வேண்டாம். மறுநாள், "எதிரணிப் பிள்ளைகளும் அவங்க நிறத்தைப் போட்டுக்கிட்டுத்தானே பார்த்தாங்க?" என்று கேளுங்கள். ஆட்டம் எந்த இடத்தில் கைமாறியது என்று அவனையே சொல்ல விடுங்கள். அவன் வாயிலிருந்து வீரர்களின் பெயர்தான் வரும், உங்கள் பெயர் வராது. களைத்து வரும் நாட்களில் அந்த நிறத்தில் ஒரு ரிப்பன் கட்டினாலே போதும் என்று சட்டத்தில் திருத்தமும் கேளுங்கள்.

ஜெர்சியை அவசியம் துவையுங்கள். வியர்வை ஊறினால் துணி நாறும், சாயமும் கெடும். உள்புறத்தை வெளியே திருப்பிப் பச்சைத் தண்ணீரில் அலசி, நிழலில் உலர்த்துங்கள். எண்ணின் மேல் இஸ்திரிப் பெட்டி படக்கூடாது. இந்த வேலையை அவனிடமே கொடுத்துவிடுங்கள்.