நாலு திராட்சைக்கு டிரிப்ஸா?

கேள்வி: பாயசத்துக்கு வாங்கி வைத்திருந்த காய்ந்த திராட்சை பாக்கெட்டை எங்கள் லாப்ரடார் கிழித்துத் தின்றுவிட்டான். ஆனாலும் ஓடியாடிக்கொண்டுதான் இருந்தான். பக்கத்து வீட்டு அக்கா உப்புத் தண்ணீர் ஊற்றி வாந்தி எடுக்க வைக்கச் சொன்னார். என் கணவர் கேட்கவில்லை, உடனே டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போய்விட்டார். வாந்தி எடுக்க வைக்க ஊசி போட்டு, இரண்டு நாள் டிரிப்ஸ் ஏற்றினார்கள். இப்போது நன்றாக இருக்கிறான். நாலு திராட்சைக்கு இவ்வளவு தேவையா?
- ஒரு வாசகி, திருச்சி

பதில்: தேவைதான். உங்கள் கணவர் செய்ததே சரி, அக்காவிடம் பக்குவமாகச் சொல்லிவிடுங்கள்.

திராட்சை தின்ற நாய் முதல் சில மணி நேரம் ஒன்றுமே நடக்காததுபோல விளையாடும். வாந்தியும் சோர்வும் பெரும்பாலும் 24 மணி நேரத்துக்குள் வரும், சிறுநீரகம் அடிபட்டது ரத்தப் பரிசோதனையில் தெரிய ஒன்றிரண்டு நாள் ஆகும், சிறுநீரே நின்றுபோன பிறகு கொண்டுபோனால் பிழைப்பது கஷ்டம். இத்தனை வரை தின்னலாம் என்று அளவும் கிடையாது. ஒரு நாய் கைப்பிடி தின்றுவிட்டுச் சும்மா இருக்கும், இன்னொன்று கொஞ்சத்திலேயே படுத்துவிடும். அதனால்தான் அறிகுறிக்குக் காத்திருக்காமல், முடிந்தால் 2 மணி நேரத்துக்குள், வாந்தி எடுக்க வைக்கிறார்கள்.

உப்புத் தண்ணீர் வேண்டவே வேண்டாம். வாந்தி வராவிட்டால் அவ்வளவு உப்பும் ரத்தத்தில் ஏறி வலிப்பு வரும், உயிரே போகலாம். தொண்டைக்குள் விரல் விடுவதும் அப்படித்தான், காயம்தான் மிச்சம்.

அப்புறம், நம் வீடுகளில் யாரும் கவனிக்காத ஒன்று புளி. திராட்சையில் நாய்க்கு ஆகாதது டார்டாரிக் அமிலமாக இருக்கலாம் என்று 2021இல் அமெரிக்கக் கால்நடை நச்சியல் மருத்துவர்கள் எழுதினார்கள், அந்த அமிலம் புளியில் ஏராளம், புளி தின்ற நாய்களுக்கும் சிறுநீரகம் பழுதாகியிருக்கிறது. மிஞ்சின புளிக்குழம்புச் சோற்றை நாய்க்கு வைக்கும் பழக்கம் இருந்தால் இன்றோடு விட்டுவிடுங்கள். அதில் வெங்காயமும் பூண்டும் வேறு கிடக்கும், அவை ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும், வேகவைத்தாலும் அந்தக் குணம் போகாது.

இன்னொரு முறை எதையாவது தின்றுவிட்டால் மிச்சத்தைப் பிடுங்கிவிட்டு, தின்றது என்ன, சுமார் எவ்வளவு, எத்தனை மணிக்கு, நாயின் எடை என்ன என்று டாக்டருக்குப் போனில் சொல்லிக்கொண்டே கிளம்புங்கள், பாக்கெட்டையும் கையோடு எடுத்துப் போங்கள். சர்க்கரை இல்லாத சூயிங்கம் என்றால் இன்னும் அவசரம், அதில் சைலிட்டால் என்ற இனிப்புப் பொருள் இருந்தால் அரை மணி நேரத்திலேயே ரத்தச் சர்க்கரை இறங்கிவிடலாம்.

ஆமாம், டிரிப்ஸ் முடிந்தபின் கிரியேட்டினின், அதாவது சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை, பார்த்தார்களா? தின்றதிலிருந்து 72 மணி நேரம் வரை பார்ப்பது வழக்கம். பார்க்கவில்லை என்றால் இந்த வாரமே ஒரு முறை பார்த்துவிடுங்கள்.