ஆர்லாண்டோ பயணம்: நீங்கள் கேட்டவையும் என் பதில்களும்

புளோரிடா மாநிலத்தின் ஆர்லாண்டோவுக்குக் கைக்குழந்தையோடு ஒருமுறை, வயதான பெற்றோரோடு ஒருமுறை, பிள்ளைகள் வளர்ந்தபின் இருமுறை போய்வந்திருக்கிறேன். வந்த கேள்விகளுக்கு அந்த அனுபவத்திலிருந்து பதில் சொல்கிறேன்.

அக்கா, எங்களிடம் 4 நாட்கள்தான் இருக்கின்றன. டிஸ்னி வேர்ல்டின் நான்கு கேளிக்கைப் பூங்காக்கள், யுனிவர்சல் கேளிக்கைப் பூங்கா, கென்னடி விண்வெளி மையம் எல்லாவற்றையும் பார்த்துவிட முடியுமா?

முடியாது, முயலவும் வேண்டாம். 1971இல் திறந்த டிஸ்னி வேர்ல்டு சுமார் 25,000 ஏக்கரில் பரந்து கிடக்கிறது. அது ஒரு தனி ஊர். மேஜிக் கிங்டம் பூங்காவையே எடுத்துக்கொள்ளுங்கள். காரை நிறுத்தியதும் வாசல் வந்துவிடாது. நடுவே ஓர் ஏரி இருக்கிறது. மோனோரயில் என்னும் ஒற்றைத் தண்டவாள ரயிலிலோ படகிலோ அக்கரை சேரவேண்டும். பாதுகாப்புச் சோதனையும் சேர்ந்தால் முக்கால் மணி நேரம் கரைந்துவிடும். ஒரே நாளில் இரண்டு பூங்கா என்று திட்டமிடுபவர்கள் இந்த நேரத்தைக் கணக்கில் சேர்ப்பதே இல்லை.

என் யோசனை இதுதான்: முதல் நாள் மேஜிக் கிங்டம், இரண்டாம் நாள் டிஸ்னியின் விலங்குப் பூங்காவான அனிமல் கிங்டம், மூன்றாம் நாள் விடுதி நீச்சல் குளமும் தூக்கமும், நான்காம் நாள் யுனிவர்சல். பிள்ளைகள் ராக்கெட் பிரியர்கள் என்றால் யுனிவர்சலை விட்டுவிட்டுக் கென்னடி மையத்துக்குப் போங்கள். கிழக்கே ஏறத்தாழ ஒரு மணி நேரக் கார் பயணம். 33 முறை விண்வெளிக்குப் போய்த் திரும்பிய அட்லாண்டிஸ் விண்கலம் அங்கே நிற்கிறது. வெப்பத்தில் கருகிய அதன் காப்பு ஓடுகளைக் கிட்டத்தில் நின்று பார்க்கலாம். அதைப் பார்த்த என் மகள் அன்று வேறு எதையும் கேட்கவில்லை.

மகளுக்கு 8 வயது, மகனுக்கு 3. பெரிய சவாரிகளில் அவனை ஏற்றமாட்டார்களாமே?

ஏற்றமாட்டார்கள். வயதைப் பார்ப்பதில்லை, உயரம்தான் கணக்கு. ஸ்பேஸ் மவுண்டனுக்கு 44 அங்குலம், ஸ்லிங்கி டாக் டாஷுக்கு 38 அங்குலம். என் இளையவன் அந்த அளவுகோலுக்கு அடியில் நின்று, யாரும் பார்க்காதபடி குதிகாலை மெல்லத் தூக்கினான். ஊழியர் குனிந்து அவன் காலணியைப் பார்த்துச் சிரித்தார். குதிகால் தரையில் படிந்ததும் தலைக்கும் கோலுக்கும் நடுவே ஒரு விரற்கடை இடைவெளி. அவன் முகம் வாடியதை இன்றும் மறக்க முடியவில்லை. அதனால் சொல்கிறேன்: வீட்டிலேயே அளந்து, எதில் ஏறலாம், எதில் ஏற முடியாது என்று குழந்தையிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

பெற்றோருக்கு ஒரு வழி உண்டு. டிஸ்னியில் சவாரியின் வாசலில் ‘ரைடர் ஸ்விட்ச்’ வேண்டும் என்று கேளுங்கள். ஒருவர் மகளோடு வரிசையில் போய்வரும்வரை மற்றவர் மகனோடு வெளியே இருக்கலாம். பிறகு அவர் நீண்ட வரிசையில் நிற்காமலே உள்ளே போகலாம். மகளும் கூடவே இரண்டாம் முறை ஏறிவிடலாம். டம்போ, பீட்டர் பான், இட்ஸ் எ ஸ்மால் வேர்ல்டு ஆகியவற்றுக்கு உயர வரம்பே இல்லை. அவற்றைத் தம்பிக்காக ஒதுக்குங்கள்.

ஜூலையில் போகிறோம். மழை கெடுத்துவிடுமா?

பிற்பகலில் அநேகமாக இடி மின்னல் வரும். அட்லாண்டிக்கிலிருந்து ஒரு கடற்காற்று, மேற்கேயுள்ள மெக்சிகோ வளைகுடாவிலிருந்து இன்னொன்று. இரண்டும் தீபகற்பத்தின் நடுவே மோதுவதால் கோடையில் இது வழக்கம். மின்னல் நெருங்கினால் திறந்தவெளிச் சவாரிகளை நிறுத்திவிடுவார்கள். பெரும்பாலும் ஒரு மணி நேரத்தில் வெளுத்துவிடும். காலையில் வாசல் திறக்குமுன் போய் நில்லுங்கள், 1 மணிக்கு அறைக்குத் திரும்புங்கள், 5 மணிக்கு மறுபடி வாருங்கள். மழைக்கோட்டை முன்கூட்டியே வாங்கிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

அம்மாவுக்கும் அப்பாவுக்கும் 70 வயதாகிறது. அழைத்துப்போகலாமா?

தாராளமாக. ஆனால் சக்கர நாற்காலி எடுக்கத் தயங்காதீர்கள். வீட்டில் நன்றாக நடப்பவர்களுக்கும் அங்கே நாள் முழுக்க நடப்பது பெரும் சுமை. வாசலருகே வாடகைக்குக் கிடைக்கும். அனிமல் கிங்டமில் விலங்குகளைப் பார்க்கப் போகும் கிலிமஞ்சாரோ சஃபாரி வண்டி நன்றாகக் குலுங்கும். முதுகுவலி இருந்தால் வேண்டாம். டிஸ்னியின் இன்னொரு பூங்காவான எப்காட்டில் ‘லிவிங் வித் தி லேண்ட்’ என்ற படகுச் சவாரியில் உட்காரவையுங்கள். மண்ணே இல்லாமல் காய்கறி விளையும் பசுமைக் குடிலுக்குள் படகு மெல்ல நகரும். என் அப்பா தலையை நீட்டி நீட்டி வேர்களைப் பார்த்தார்; இறங்கியதும், “இன்னொரு தடவை போகலாமா?” என்றார்.

நாங்கள் சைவம். சாப்பாடு?

தின்பண்டங்களை உள்ளே கொண்டுபோக டிஸ்னியில் தடையில்லை. கண்ணாடிக் கலன்கள் மட்டும் கூடாது. விரைவு உணவுக் கவுண்டர்களில் குளிர்ந்த நீர் கேட்டால் இலவசமாகத் தருவார்கள். ஒரு வேளை நிதானமாகச் சாப்பிட வேண்டுமென்றால் அனிமல் கிங்டம் விடுதியிலுள்ள சனா உணவகத்துக்குப் போங்கள். ‘நாண்’ ரொட்டியும் சட்னி வகைகளும் வரும்; பகல் வெளிச்சத்தில் சன்னலுக்கு வெளியே ஒட்டகச்சிவிங்கி மேயும்.

குழந்தைகளுக்கு டிக்கெட்?

டிஸ்னியில் 3 வயது நிறையாதவர்களுக்கு இலவசம். 10 வயதானால் பெரியவர் கட்டணம்.

காசு கொடுத்து வரிசையைத் தாண்டும் லைட்னிங் லேன் தேவையா?

விடுமுறைக் கூட்டத்தில், மேஜிக் கிங்டமுக்கு மட்டும் வாங்கலாம். மற்ற நாட்களில் அதிகாலை எழுவதே போதும்.

வாணவேடிக்கை பார்க்க எங்கே நிற்பது?

மேஜிக் கிங்டமின் நடுவிலுள்ள கோட்டைக்கு முன்னால் முண்டியடிக்காதீர்கள். கோட்டைக்குப் போகும் மெயின் ஸ்ட்ரீட் தெருவின் வாசல்பக்கக் கடைசியில், ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் நின்றாலும் கோட்டை நன்றாகத் தெரியும். வாசல் பின்னாலேயே இருப்பதால், தோளில் தூங்கிவிட்ட பிள்ளையோடு கூட்டம் திரும்புமுன் மோனோரயிலைப் பிடித்துவிடலாம்.