நடிகையின் ரவிக்கையும் நம் தோளும்

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். உங்கள் தையல் பதிவுகளை விடாமல் படிக்கிறவள். போன மாதம் என் தங்கைக்குக் கல்யாணம். பட்டுச் சேலையோடு வந்த ஜாக்கெட் துணியைக் கொடுத்து, ஒரு நடிகையின் போட்டோவை டெய்லரிடம் காட்டினேன். முன்னால் போட் நெக், முதுகில் நன்றாக இறங்கிய யூ கழுத்து, நாடா கிடையாது, தோளில் எழும்பி நிற்கும் பஃப் கை. ஆரி வேலைக்கே நாலாயிரம் ஆனது. போட்டுப் பார்த்தால் இரண்டு தோளும் வழிகிறது. பஃப் சோர்ந்துபோய்த் தொங்குகிறது. கையைத் தூக்கினால் ஜாக்கெட்டே மேலே ஏறிவிடுகிறது. டெய்லரைக் கேட்டால், "போட்டோவுல இருக்கிறதைத்தானே தச்சிருக்கேன்" என்கிறார். எங்கள் அத்தை, "சினிமாக்காரங்க போடுறதெல்லாம் நமக்கு எடுக்குமா?" என்கிறார். இரண்டு பேரில் யார் சொல்வது சரி? அடுத்த மாதம் நாத்தனாருக்கு வளைகாப்பு. அதற்குள் இதைச் சரிசெய்ய முடியுமா? எனக்கு மார்பளவு 38. தோள் கொஞ்சம் சரிவுதான்.

ஒரு வாசகி, தஞ்சாவூர்

அன்புள்ள தங்கைக்கு,

இரண்டு பேர் சொல்வதும் சரியில்லை. டெய்லர் போட்டோவில் தெரிந்ததைத் தைத்திருக்கிறார். தெரியாததைத் தைக்கவில்லை. அந்த ரவிக்கையைத் தோளில் பிடித்து நிறுத்துவது எது என்று உங்கள் போட்டோ காட்டியிருக்காது. அத்தை சொல்வதும் பழைய பல்லவி. நடிகைக்கு எடுப்பது நமக்கும் எடுக்கும். ஆனால் அது அவருக்கு ஏன் எடுத்தது என்று தெரிந்திருக்க வேண்டும்.

1960இல் 'லவ் இன் சிம்லா' என்ற இந்திப் படம் வந்தது. அதன் நாயகி சாதனாவுக்கு நெற்றி அகலம். இயக்குநர் ஆர்.கே. நய்யார், ஹாலிவுட் நடிகை ஆட்ரி ஹெப்பர்ன் வைத்திருந்த மாதிரி முன்முடியை வெட்டி நெற்றியில் விழவிட்டார். 'சாதனா கட்' என்று அதற்குப் பெயரே வந்துவிட்டது. பெண்கள் கூட்டம் கூட்டமாக வெட்டிக்கொண்டார்கள். ஒரு அகல நெற்றியை மறைக்கச் செய்த ஏற்பாடு அது. இரண்டு விரல் நெற்றிக்காரி அதையே வெட்டிக்கொண்டால் முகத்தில் மிச்சம் என்ன இருக்கும்?

இன்னொன்று, 1968இல் வந்த 'பிரம்மச்சாரி'. அதில் இந்தி நடிகை மும்தாஜ் கட்டி ஆடிய ஆரஞ்சு நிறச் சேலை. உடலோடு ஒட்டிச் சுற்றியிருக்கும், எவ்வளவு ஆடினாலும் ஒரு மடிப்பு கலையாது. காரணம், அது சுற்றிக் கட்டியதே இல்லை. உடை வடிவமைப்பாளர் பானு அத்தையா அதை முன்கூட்டியே தைத்து ஜிப் வைத்திருந்தார். பின்னாளில் 'காந்தி' படத்துக்கு ஆஸ்கார் வாங்கினாரே, அவர்தான். 'மும்தாஜ் சேலை' என்று ஊரெல்லாம் கட்டினார்கள். ஜிப் இல்லாமல் ஊசி குத்திக் கட்டியவர்கள் பட்ட பாட்டை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

நம் ஊரிலும் எண்பதுகளின் பின்பாதியில் நதியா கம்மல், நதியா வளையல் என்று கடை கடையாக விற்றார்கள். 2005க்குப் பிறகு ஜவுளிக்கடைகளில் 'சந்திரமுகி சேலை' போனது. அவற்றில் யாரும் ஏமாறவில்லை. கம்மல் எந்தக் காதிலும் தொங்கும். ஐந்தரை மீட்டர் சேலை எந்த இடுப்பிலும் நிற்கும். ரவிக்கை அப்படி இல்லை, அது ஒரே ஒரு உடம்புக்கு வெட்டியது. நடிகையிடமிருந்து ரவிக்கையை எடுக்கும்போது மட்டும் நாம் மாட்டிக்கொள்வதற்குக் காரணம் இதுதான்.

இப்போது உங்கள் ஜாக்கெட்டுக்கு வருகிறேன்.

தோள் ஏன் வழிகிறது? போட் நெக் என்றால் கழுத்து அகலமாகத் தோள் முனை வரை ஓடும். நடுவிலிருந்து ஒரு பக்கத்துக்கு 5 அங்குலம் வைத்திருப்பார் என்று நினைக்கிறேன். உங்கள் முழுத் தோள் 14½ என்றால் பாதி 7¼. 5 போக மிஞ்சுவது 2¼ அங்குலப் பட்டை. அந்தப் பட்டை கழுத்தை ஒட்டி உட்காரவில்லை, தோள் சரிய ஆரம்பிக்கும் இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. முன்பக்கத் துணி இரண்டு பட்டையையும் சேர்த்துப் பிடிக்கிறது. பின்பக்கம் பிடிக்க ஒன்றுமே இல்லை, எல்லாம் திறந்து கிடக்கிறது. பட்டை விலகி வழியாமல் வேறென்ன செய்யும்? போட்டோவில் மட்டும் எப்படி நிற்கிறது என்பீர்கள். இந்த வகை உடைகளில் இருபக்கமும் ஒட்டும் டேப் போட்டுத் தோளோடு ஒட்டியிருப்பார்கள். அல்லது தோல் நிறத்தில் மெல்லிய நெட் வைத்து முதுகை மூடியிருப்பார்கள், கேமராவுக்கு அது தெரியாது. உள்ளே கப் வைத்து, மார்புக்குக் கீழே பட்டியை இறுக்கி, பாரத்தைத் தோளிலிருந்து பட்டிக்கு இறக்கியிருப்பதும் உண்டு. பெரும்பாலும் இந்த மூன்றில் இரண்டு ஏற்பாடாவது சேர்ந்தே இருக்கும். தவிர, போட்டோ எடுக்கிற நேரத்தில் அவர் தோளைப் பின்னுக்கு இழுத்து, கையைத் தொங்கவிட்டு நிற்கிறார். டவுன் பஸ் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கவில்லை.

கையைத் தூக்கினால் ஜாக்கெட் ஏறுவது தனிக் கோளாறு. அதற்கும் நடிகைக்கும் சம்பந்தமில்லை. கைக்குழியை அதிகமாக இறக்கி வெட்டியிருக்கிறார். "அக்குள்ல பிடிக்கக் கூடாதுன்னு லூசா விட்டிருக்கேன்" என்று சொல்வார்கள். நடப்பது நேர்மாறு. குழி எவ்வளவு கீழே இறங்குகிறதோ, கை அவ்வளவு கீழேயிருந்து துணியை இழுத்துக்கொண்டு மேலே போகும். குழியின் அடி அக்குளுக்கு அரை அங்குலம் கீழே இருந்தால் போதும். மேலே ஏற்றி வெட்டிய கைக்குழிதான் கைக்கு விடுதலை கொடுக்கும். தையல் கற்றுக்கொள்கிறவர்கள் நம்பவே மறுக்கிற விஷயம் இது.

பஃப் சோர்ந்ததற்குக் காரணம் டெய்லரின் கை அல்ல, துணியின் அளவு. சேலையோடு வருவது 80 சென்டிமீட்டர். 38 மார்பளவுக்கு முன், பின், பட்டி எல்லாம் வெட்டியபின் சாதாரண முழங்கை அளவுக் கைக்கே கணக்காக இருக்கும். நிற்கிற பஃப்புக்குக் கையின் அகலத்தில் 4 அங்குலம், தோள் மேட்டில் ஒன்றிலிருந்து ஒன்றரை அங்குலம் கூடுதலாக வேண்டும். துணி இல்லாததால் அவர் சுருக்கத்தைக் குறைத்துவிட்டார். அதோடு, பட்டு தானாக எழும்பி நிற்காது. உள்ளே விறைப்பான நெட் துண்டு ஒன்று முட்டுக்கொடுக்க வேண்டும். அதையும் போட்டோ காட்டாது.

இருப்பதைச் சரிசெய்ய இப்படிச் செய்யச் சொல்லுங்கள். முதலில் நாடா. பின்கழுத்து ஓரத்தில், தோள் தையலிலிருந்து 1½ அங்குலம் கீழே, இரு பக்கமும் 18 அங்குல நாடா. மேல்துணியில் குத்தக் கூடாது. ஆரி வேலையில் மணி இருந்தால் ஊசி ஒடியும், நூல் அறுந்து வரிசையாகக் கொட்டும். லைனிங்கைச் சற்றுப் பிரித்து உள்ளேயிருந்து தைக்க வேண்டும். நாடாவே பிடிக்காது என்றால் அதே இடத்தில் தோல் நிற நெட்டைக் குறுக்கே வைத்துப் பிடிக்கலாம். ஆனால் நெட் உங்கள் நிறத்தோடு ஒத்துப்போக வேண்டும். கடையில் 'ஸ்கின் கலர்' என்று கொடுப்பது பாதிப் பேருக்கு வெள்ளையடித்த மாதிரி இருக்கும். கழுத்துக்குப் பின்னால் வைத்துப் பார்த்து வாங்குங்கள்.

வெட்டிய கைக்குழியை மேலே ஏற்ற முடியாது. அக்குள் தையலைப் பிரித்து, 2½ அங்குலத்தில் டைமண்ட் வடிவத் துண்டு ஒன்று வைத்தால் கை தூக்க இடம் கிடைக்கும். கையை இறக்கினால் துண்டு மறைந்துவிடும். உள்ளே மடித்துவிட்ட துணியில் அது தேறவில்லையென்றால் அதே நிறத்தில் வெற்றுப் பட்டு கால் மீட்டர் வாங்கிக்கொடுங்கள்.

பஃப்புக்கு 3 அங்குல அகலம், 9 அங்குல நீளத்தில் விறைப்பு நெட்டைச் சுருக்கி, தோள் மேட்டில் கையும் உடம்பும் சேரும் உள்தையலோடு மட்டும் சேர்த்துத் தைக்கலாம். மேலே மெல்லிய காட்டன் சுற்றாவிட்டால் அது தோளைக் குத்திக் குதறிவிடும். இதனால் போட்டோவில் இருந்த பஃப் வந்துவிடாது. துணியே போடாத இடத்தில் நெட் என்ன செய்யும்? தொங்குவது நிற்கும், அவ்வளவுதான்.

அடுத்த ஜாக்கெட்டுக்கு நடிகையின் போட்டோவைத் தாராளமாகக் கொண்டுபோங்கள். அதிலிருந்து அங்குலத்தை எடுக்காதீர்கள், விகிதத்தை எடுங்கள். நேராக நின்று எடுத்த முதுகுப் பக்கப் படம் ஒன்று வேண்டும். இடுப்பை ஒடித்துத் திரும்பிப் பார்க்கிற படம் உதவாது. படத்தின் மேல் ஸ்கேலை வையுங்கள். பிடரி எலும்பிலிருந்து ரவிக்கையின் கீழ் ஓரம் வரை 6 சென்டிமீட்டர், கழுத்து வளைவின் அடி வரை 4 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். மூன்றில் இரண்டு பங்கு. உங்களுக்குப் பிடரியிலிருந்து ஜாக்கெட் ஓரம் வரை 13 அங்குலம் என்றால் ஆழம் 8¾க்குக் கொஞ்சம் குறைவு. கண்மதிப்பில் பத்து வைத்தால் கீழே மிஞ்சுவது மூன்றே அங்குலம். உள்ளாடைப் பட்டை எட்டிப் பார்க்கும், கொக்கி வைக்கவும் இடம் இருக்காது. நாலு அங்குலமாவது மிஞ்ச வேண்டும். முன்கழுத்துக்கும் இதே கணக்குதான். கணக்கு வந்த இடத்தில் ஒரு ஒட்டுப்பொட்டை உடம்பில் ஒட்டிக்கொண்டு டெய்லரிடம் போங்கள். அவர் தோளிலிருந்து பொட்டு வரை டேப் பிடித்து அளந்துகொள்ளட்டும். முக்கியமாக, கல்யாணத்தன்று எந்த உள்ளாடையோ அதைப் போட்டுக்கொண்டு அளவு கொடுங்கள்.

உங்கள் சரிவுத் தோளுக்குப் போட் நெக் அகலம் நடுவிலிருந்து 4 அங்குலத்தைத் தாண்ட வேண்டாம். படகு கொஞ்சம் சின்னப் படகாகத் தெரியும், தெரியட்டும். பின்கழுத்து ஆழமாக இருந்தால் முழுத் தோளிலும் பக்கத்துக்கு கால் முதல் அரை அங்குலம் குறைக்கச் சொல்லுங்கள். முன்னால் போட் நெக் என்றால் கொக்கி முன்னால் வேண்டாம், கழுத்துக் கோடு நடுவில் உடையும். பின்னால் வையுங்கள், இல்லாவிட்டால் இடது பக்கம் ஜிப். ஜிப் வைத்தால் தலை கழுத்து வழியாக நுழைய வேண்டும் என்பதை மறக்கக் கூடாது.

ஆரி வேலைக்கு முன்னால் ஒரு மீட்டர் காடாத் துணியில் ஜாக்கெட்டைத் தைத்துப் போட்டுப் பாருங்கள். கண்ணாடி முன் அசையாமல் நிற்பதில் பயனில்லை. தலையில் பூ வைக்கிற மாதிரி இரண்டு கையையும் பின்னால் தூக்குங்கள். விழுந்து கும்பிடுகிற மாதிரி குனியுங்கள். வழிகிறதும் ஏறுகிறதும் அங்கேயே தெரிந்துவிடும். அதைத் திருத்திய பிறகுதான் பட்டுத் துணியில் கழுத்தும் கையும் வரைந்து ஆரிக்குக் கொடுக்க வேண்டும். வேலை முடியும்வரை துணியை வெட்டக் கூடாது. சுற்றிலும் ஓர் அங்குலம் கூடுதலாக விடுங்கள், நெருக்கமான வேலை துணியை உள்ளே இழுத்துக்கொள்ளும். தையல் ஓடும் கோட்டிலிருந்து அரை அங்குலத்துக்குள் மணி வரக் கூடாது. லைனிங்குக்கு வாங்கும் டூ பை டூ துணியை முதல் நாள் இரவே தண்ணீரில் ஊறப்போட்டு, காயவைத்து, இஸ்திரி போட்டுக் கொடுங்கள். இல்லையென்றால் முதல் நனைப்பில் உள்துணி சுருங்கும், மேல்துணி அப்பளமாகப் பொங்கும். பஃப் கை வேண்டுமென்றால் அரை மீட்டர் துணி தனியாக எடுத்துவிடுங்கள்.

டெய்லரிடம் சண்டை வேண்டாம். கைக்குழிக்கு மட்டும் அவர் பொறுப்பு. அந்தத் துண்டை இலவசமாக வைத்துத் தரச் சொல்வதில் நியாயம் இருக்கிறது. மற்றதற்குக் கூலி கொடுத்துவிடுங்கள்.

வளைகாப்பில் மணையில் உட்காரப் போகிறவர் நாத்தனார். நீங்கள் குனிந்து சந்தனம் பூசி, இரண்டு கையையும் நீட்டி வளையல் போடப் போகிறீர்கள். அதனால் முதலில் நாடா, அடுத்து அக்குள் துண்டு. பஃப்புக்கு நேரம் இல்லையென்றால் விட்டுவிடுங்கள், தோளில் சேலைத் தலைப்பு வந்து ஒரு பக்கத்தை மறைத்துக்கொள்ளும்.

அன்புடன்,
அக்கா