ரேக் நிறைய மருந்து, கேட்டது மட்டும் இல்லை

கேள்வி: ஆரணிப் பக்கம் மெடிக்கல் ஷாப் வைத்திருக்கிறேன். கடையில் 8 லட்சத்துக்குச் சரக்கு இருக்கிறது. ஆனாலும் தினமும் நாலைந்து பேரை 'இல்லை' என்று திருப்பி அனுப்புகிறேன். இன்னும் 2 லட்சம் போட்டால் சரியாகுமா?

பதில்: போடாதீர்கள். நானும் அப்படிப் போட்டுக் கையைச் சுட்டுக்கொண்டவன்தான். 10+2 ஆஃபர் (பத்து வாங்கினால் இரண்டு இலவசம்) என்று இருமல் டானிக்கைப் பெட்டி பெட்டியாக இறக்கினேன். அந்த வருஷம் மழையே சரியாக இல்லை. ரேக் முழுக்க டானிக்; தைராய்டு மாத்திரை கேட்டு வந்தவரோ எதிர்க்கடைக்குப் போய்விட்டார். டானிக்கில் பாதி எக்ஸ்பைரி ஆனதுதான் மிச்சம்.

ஒரே ஒரு மாத்திரையை எடுத்துக்கொள்ளுங்கள். தினம் சராசரியாக 10 அட்டை போகிறது. சில நாள் 7, சில நாள் 13. ஆர்டர் போட்டால் ஸ்டாக்கிஸ்டிடமிருந்து, அதாவது மொத்த வியாபாரியிடமிருந்து, வர 4 நாள். 40 அட்டை இருக்கும்போது ஆர்டர் போட்டால், சரக்கு வருமுன் தீர்ந்துபோக பாதிக்குப் பாதி வாய்ப்பு. 50 இருக்கும்போதே போட்டால் 100 தடவையில் 95 தடவை தப்பிப்பீர்கள். 99 தடவை தப்பிக்க 54 வேண்டும். 1000-த்தில் 999 என்றால் 59. முதல் பத்து அட்டை அவ்வளவு வேலை செய்கிறது, கடைசி ஐந்து சும்மா பணத்தை முடக்குகிறது.

அதே சரக்கு ஒரே நாளில் வந்தால்? 17 அட்டையே 99 தடவைக்குப் போதும்! அதனால் 2 லட்சத்தை விட, தினமும் வண்டி அனுப்பும் ஸ்டாக்கிஸ்ட் ஒருவரைப் பிடிப்பது மேல். வர நாளாகும் மருந்துக்கு மட்டும் கூடுதலாக வையுங்கள். சரக்கைத் தேக்காத கொள்கைக்குப் பேர்போன டொயோட்டாகூட 2011 நிலநடுக்கத்துக்கு அப்புறம் காரில் போடும் எலக்ட்ரானிக் சிப்களை 2 முதல் 6 மாதத்துக்குச் சேர்த்து வைக்கச் சப்ளையர்களிடம் சொன்னது, அவை வந்து சேர அவ்வளவு காலம் ஆகும் என்பதால்.

அப்புறம், கம்ப்யூட்டர் 6 அட்டை என்று காட்டும், ரேக்கில் ஒன்றும் இருக்காது. வாரம் 20 மருந்தையாவது கையால் எண்ணிப் பாருங்கள். கவுண்டரில் ஒரு நோட்டும் வேண்டும். 'இல்லை' என்று சொன்ன மருந்து எந்த பில்லிலும் ஏறாது, அதை நீங்கள்தான் எழுதி வைக்க வேண்டும். ஒரு மாதம் எழுதிவிட்டு அதில் அடிக்கடி வரும் பத்து பெயரை எனக்கு அனுப்புங்கள், பார்க்கலாம்.