ஏவுகணை செய்ய ஆசைப்படும் பெண் எந்தப் பிரிவில் சேர வேண்டும்?

கேள்வி: என் மகள் கணிதம், இயற்பியல், வேதியியல் எடுத்து பிளஸ் டூ முடித்திருக்கிறாள். ஏவுகணை, டிரோன் என்றால் அவளுக்கு உயிர். மத்திய அரசின் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனமான டிஆர்டிஓவில் வேலைக்குப் போவேன் என்கிறாள். ஒரு தனியார் கல்லூரியில் பாதுகாப்புத் தொழில்நுட்பம் என்ற பெயரிலேயே பி.டெக். இருக்கிறது, கட்டணம்தான் அதிகம். சேர்க்கலாமா? வெளிநாட்டில் படித்தால் வாய்ப்பு கூடுமா? அவள் கண்ணாடி போடுகிறாள், அது தடையாகுமா? (நாமக்கல்லிலிருந்து ஒரு தந்தை)

பதில்: முதல் கேள்விக்கு நேரடியாகவே சொல்லிவிடுகிறேன். சேர்க்க வேண்டாம். இளநிலையில் எலெக்ட்ரானிக்ஸ், மெக்கானிக்கல், கம்ப்யூட்டர் சயின்ஸ், எலெக்ட்ரிக்கல், ஏரோநாட்டிக்கல், மெட்டலர்ஜி மாதிரியான பழைய, அடிப்படைப் பிரிவு ஒன்றைப் படிக்கட்டும். இராணுவத் தொழில்நுட்பத்தை முதுநிலையில் பார்த்துக்கொள்ளலாம்.

ஏன் என்றால், டிஆர்டிஓ ஆள் எடுக்கும் முறை அப்படி. விஞ்ஞானி ‘பி’ என்பதுதான் அங்கே முதல் படி. அதற்கான அறிவிப்பு பிரிவு வாரியாகத்தான் வரும்: எலெக்ட்ரானிக்ஸுக்கு இத்தனை இடம், மெக்கானிக்கலுக்கு இத்தனை என்று. ஒவ்வொரு பிரிவுக்கும் எந்தப் பட்டம் செல்லும், முதுநிலைச் சேர்க்கைக்கான தேசியத் தேர்வான கேட்டில் எந்தத் தாள் எழுதியிருக்க வேண்டும் என்று கூடவே போட்டிருப்பார்கள். முதல் வகுப்பில் பட்டம் இருக்க வேண்டும். கேட் மதிப்பெண்ணை வைத்து நேர்முகத் தேர்வுக்கு அழைப்பார்கள். சான்றிதழில் அச்சாகியிருக்கும் பிரிவின் பெயர் அந்தப் பட்டியலில் இல்லையென்றால் சிக்கல். “எங்கள் பாடத்திட்டத்தில் எலெக்ட்ரானிக்ஸும் இருக்கிறது” என்று பிறகு வாதாடிக்கொண்டிருக்க நேரும். கேட் தேர்விலும் பாதுகாப்புத் தொழில்நுட்பம் என்று தனித் தாள் கிடையாது.

இன்னொரு காரணமும் உண்டு. ஏவுகணை என்பது ஒரே படிப்பில் அடங்குகிற பொருள் அல்ல. அக்னி-5 எடுத்துக்கொள்ளுங்கள். 5,000 கிலோமீட்டருக்கு மேல் போகக்கூடியது. அதன் முனைப்பகுதி மீண்டும் வளிமண்டலத்துக்குள் நுழையும்போது 3,000 டிகிரி செல்சியஸை ஒட்டிய வெப்பத்தைத் தாங்க வேண்டும். அதற்குக் கார்பன்-கார்பன் கூட்டுப்பொருள் செய்கிறவர் பொருளறிவியல்காரர். மோட்டாருக்குள் இருக்கும் திட எரிபொருளைக் கலப்பவர் வேதியியல்காரர். உறையையும் முனைக்கூம்பையும் வடிவமைப்பவர்கள் மெக்கானிக்கல், ஏரோ ஆட்கள். எங்கே இருக்கிறோம், எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று கணக்குப் போடும் பகுதி முழுக்க எலெக்ட்ரானிக்ஸ், கட்டுப்பாட்டுப் பொறியியல், மென்பொருள். இதில் ஏதாவது ஒன்றில் ஆழமாகக் கை தேர்ந்தவரைத்தான் ஆய்வகம் தேடுகிறது. எல்லாவற்றிலும் ஒரு செமஸ்டர் படித்தவருக்கு அங்கே பெரிய வேலை இல்லை.

இந்தத் துறையில் பெயர் பெற்றவர்கள் என்ன படித்தார்கள் என்று பார்த்தாலே தெரியும். அப்துல் கலாம் திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் இயற்பியல் படித்தார். பிறகு குரோம்பேட்டை எம்ஐடியில் ஏரோநாட்டிக்கல். உங்கள் மகளுக்கு இன்னும் பொருத்தமான உதாரணம் டெஸ்ஸி தாமஸ். அக்னி-4 திட்டத்தின் இயக்குநராக இருந்தவர். திருச்சூர் அரசுப் பொறியியல் கல்லூரியில் எலெக்ட்ரிக்கல் முடித்துவிட்டு, புனேயில் வழிகாட்டு ஏவுகணைப் பிரிவில் முதுநிலை படித்தார். 1988-ல் டிஆர்டிஓவில் சேர்ந்தார். முதலில் அடிப்படை, அப்புறம் ஆயுதம் என்ற அந்த வரிசை இன்றைக்கும் மாறவில்லை.

அவர் படித்த புனே நிறுவனம்தான் இன்று டயட் என்று அழைக்கப்படும் பாதுகாப்பு உயர் தொழில்நுட்ப நிறுவனம். பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ் வரும் நிகர்நிலைப் பல்கலைக்கழகம். முப்படை அதிகாரிகளும் டிஆர்டிஓ விஞ்ஞானிகளும் வெளி மாணவர்களும் ஒன்றாக உட்கார்ந்து எம்.டெக். படிக்கிற இடம். இது தவிர, 2021-ல் தொழில்நுட்பக் கல்விக்கு ஒப்புதல் தரும் ஏஐசிடிஇயும் டிஆர்டிஓவும் சேர்ந்து பாதுகாப்புத் தொழில்நுட்பத்தில் ஒரு எம்.டெக். பாடத்திட்டத்தை அறிமுகப்படுத்தின. போர்த் தளவாடம், விமானம், கடற்படை, தகவல் தொடர்பும் உணரிகளும், லேசர் போன்ற இயக்கிய ஆற்றல், உயர் ஆற்றல் பொருட்கள் என்று ஆறு கிளைகள். ஆய்வேட்டு வேலையை டிஆர்டிஓ ஆய்வகத்திலோ பாதுகாப்புத் துறை நிறுவனத்திலோ செய்ய வாய்ப்பு உண்டு என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. இந்த ஆறையும் பாருங்கள், ஒவ்வொன்றுக்கும் அடியில் ஒரு பழைய பி.இ. பிரிவு இருக்கிறது.

சரி, எந்தப் பிரிவு? ஏவுகணை என்றதும் எல்லோரும் ஏரோநாட்டிக்கல் பக்கம் ஓடுகிறார்கள். தவறில்லை. ஆனால் விஞ்ஞானி ‘பி’ அறிவிப்புகளில் எலெக்ட்ரானிக்ஸ், மெக்கானிக்கல், கம்ப்யூட்டர் சயின்ஸ் மூன்றுக்கும்தான் வழக்கமாக அதிக இடம் இருக்கும், ஏரோவுக்குச் சொற்பம். டிஆர்டிஓ கிடைக்காமல் போனாலும் பிழைக்க வழி இருக்க வேண்டுமல்லவா? அதனால் என் வாக்கு எலெக்ட்ரானிக்ஸுக்கு. ரேடார், ஏவுகணையின் கண்ணாக இருக்கும் தேடுகருவி, டிரோன், மின்னணுப் போர்முறை எல்லாவற்றுக்கும் அது வேண்டும். மகளுக்குக் காற்றியக்கவியலில்தான் உண்மையான பிடிப்பு என்றால் ஏரோவே எடுக்கட்டும், ஆனால் எம்ஐடி மாதிரி நல்ல இடத்தில். நம்ம நடிகர் அஜித் ஆலோசகராக இருந்த தக்‌ஷா டிரோன் குழு நினைவிருக்கிறதா? 2018-ல் ஆஸ்திரேலியாவில் நடந்த ஆளில்லா விமானப் போட்டியில் இரண்டாம் இடம் பிடித்தார்களே, அவர்கள் அந்தக் கல்லூரிக்காரர்கள்தான். அப்படிக் கையில் எடுத்துச் செய்து பார்க்க இடம் கொடுக்கும் கல்லூரி, பெயர்ப் பலகையைவிட முக்கியம்.

வேதியியலை யாரும் கணக்கில் எடுப்பதே இல்லை என்பது எனக்கு ஒரு குறை. வெடிபொருளும் ராக்கெட் எரிபொருளும் வேதியியல்தான். புனேயில் அதற்கென்றே உயர் ஆற்றல் பொருட்கள் ஆய்வகம் இருக்கிறது. நம் நீலகிரியில் அரவங்காடு கார்டைட் தொழிற்சாலை நூறாண்டுக்கும் மேலாக ஓடுகிறது. எம்.எஸ்சி. வேதியியலோ இயற்பியலோ முதல் வகுப்பில் முடித்து, கேட் எழுதியும் விஞ்ஞானி ‘பி’ ஆகலாம். பொறியியலுக்குக் கட்டணம் கட்ட முடியாத வீடுகள் இந்த வழியை யோசிக்கலாம். ஆயுதம் செய்ய மனசு ஒப்பவில்லை என்கிற பிள்ளைகளுக்கும் அங்கே வேலை உண்டு. மைசூரில் டிஆர்டிஓவின் உணவு ஆய்வகமும், பெங்களூரில் உயிர்மருத்துவப் பொறியியல் ஆய்வகமும் இருக்கின்றன.

ஒரு எச்சரிக்கை. பி.ஏ. பாதுகாப்பு மற்றும் போர்த்திறன் ஆய்வுகள் என்று ஒரு படிப்பு தமிழ்நாட்டிலும் இருக்கிறது, சென்னைப் பல்கலைக்கழகத்தில் அதற்குத் தனித் துறையே உண்டு. நல்ல படிப்பு, ஆனால் அது வேறு. போர் வரலாறு, வெளியுறவு, தேசியப் பாதுகாப்புக் கொள்கை பற்றியது. குடிமைப்பணிக்கும் இதழியலுக்கும் உதவும். ஏவுகணை ஆய்வகத்துக்கு அது வழி அல்ல.

டிஆர்டிஓ வேலை எப்படி என்று நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்ல வேண்டும். விஞ்ஞானி ‘பி’க்கு அடிப்படைச் சம்பளம் மாதம் 56,100 ரூபாய், படிகள் தனி. ஐ.டி. கம்பெனியில் முன்னேறிய வகுப்புத் தோழியோடு ஒப்பிட்டால் பத்து வருடத்தில் பின்தங்கியது போலத் தோன்றலாம். ஒரு திட்டம் முடிய பத்து, பதினைந்து வருடம்கூட ஆகும். செய்வதை வெளியே பேச முடியாது. இதெல்லாம் தெரிந்தும் போகிறேன் என்றால்தான் போக வேண்டும். இடங்களோ குறைவு, ஒவ்வொரு வருடமும் ஒரே அளவில் அறிவிப்பு வரும் என்றும் சொல்ல முடியாது. ஆகவே மூன்றாம் ஆண்டிலேயே கேட் எழுதிப் பார்க்கட்டும், அனுமதி உண்டு. மதிப்பெண் மூன்று வருடம் செல்லும். கடைசி ஆண்டு புராஜெக்டுக்கு ஆவடியில் டாங்கி வடிவமைக்கும் சிவிஆர்டிஇ போன்ற ஆய்வகத்துக்குக் கல்லூரிக் கடிதத்தோடு முன்கூட்டியே விண்ணப்பிக்கலாம்.

டிஆர்டிஓ மட்டும்தான் என்றும் இல்லை. அரசு நிறுவனங்களான பாரத் எலெக்ட்ரானிக்ஸ், விமானம் செய்யும் எச்ஏஎல் தனித்தனியே ஆள் எடுக்கின்றன. பழைய ஆயுதத் தொழிற்சாலைகள் 2021-ல் ஏழு நிறுவனங்களாகப் பிரிக்கப்பட்டன. அதில் ஒன்றின் தலைமையகம் ஆவடியில் இருக்கிறது. சென்னை, ஓசூர், சேலம், கோவை, திருச்சி ஐந்தையும் இணைக்கும் பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தில் தனியார் நிறுவனங்களும் ஸ்டார்ட்அப்புகளும் வருகின்றன. நாமக்கல்லிலிருந்து சேலம் ஒரு மணி நேரப் பயணம்தானே.

அப்புறமும் அந்தத் தனியார் கல்லூரியைப் பற்றி மனசு உறுத்தினால் நேரில் போய் மூன்று விஷயம் கேளுங்கள். பட்டச் சான்றிதழில் பிரிவின் பெயர் எப்படி அச்சாகும்? ஏஐசிடிஇ ஒப்புதல் அந்தப் பெயருக்கே இருக்கிறதா? ஏற்கெனவே முடித்தவர்கள் யார், எங்கே இருக்கிறார்கள்? மூன்றாவதற்கு ஆய்வகங்களோடு போட்ட புரிந்துணர்வு ஒப்பந்தத்தின் போட்டோவை மட்டும் காட்டினால் எழுந்து வந்துவிடுங்கள்.

வெளிநாட்டுப் படிப்பு இந்தத் துறையில் பெரிதாக உதவாது. அமெரிக்காவில் ஆயுதத் தொழில்நுட்ப ஏற்றுமதிச் சட்டம் இருக்கிறது. குடியுரிமையோ நிரந்தர வசிப்புரிமையோ இல்லாதவரைத் தனி உரிமம் இல்லாமல் அந்த வேலைகளில் சேர்க்க முடியாது. முதுநிலைக்குப் போனாலும் பொருளறிவியல், கட்டுப்பாட்டுப் பொறியியல் என்று பொதுவான பிரிவில் போவதே நல்லது.

கண்ணாடி விஷயம்: டிஆர்டிஓ விஞ்ஞானிகள் சிவில் ஊழியர்கள், கண்ணாடி தடையே அல்ல. சீருடை அணிய ஆசைப்பட்டால்தான் மருத்துவ விதிகள் வரும். தேசியப் பாதுகாப்பு அகாடமியான என்டிஏவில் 2022 முதல் பெண்களும் சேர்கிறார்கள். ஜேஇஇ மெயின் தரவரிசையை வைத்து எழிமலா கடற்படை அகாடமியில் பி.டெக். படிக்கும் வழியும் உண்டு. பொறியியல் முடித்தபின் குறுகிய காலப் பணி தொழில்நுட்ப நுழைவு வழியாகப் பரங்கிமலை அதிகாரிகள் பயிற்சி அகாடமிக்கும் போகலாம், அங்கேயும் பிரிவுப் பட்டியல் பார்ப்பார்கள். தரைப்படையின் தொழில்நுட்பப் பணிகளில் குறிப்பிட்ட அளவு வரை கண்ணாடியை ஏற்கிறார்கள், விமானம் ஓட்டும் பிரிவில் கெடுபிடி அதிகம். அந்த ஆசையும் இருந்தால், விண்ணப்பிக்கும் முன் அறிவிப்பில் உள்ள பார்வை அளவைக் கண் மருத்துவரிடம் காட்டி, நிறக்குருடு சோதனையையும் சேர்த்துச் செய்துவிடுங்கள்.